இருபது விநாடி டிரம்ஸ்: ஹிப் ஹாப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பழைய இசைத்தட்டுகள்

வூ-டாங் க்ளான் குழுவின் ‘க்ரீம்’ பாட்டை நான் பல வருடங்களாகக் கேட்டு வந்தேன். ராப்புக்குப் பின்னால் ஒரு பியானோ திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு மழைநாள் சோகம் உண்டு. அந்தக் குழுவில் யாரோ ஒருவர் வாசித்தது என்றே நினைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள், த சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967-இல் பாடிய ஒரு காதல் பாட்டு காதில் விழுந்தது. அதே பியானோ. ராப் தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது ‘அதே மாதிரி’ பியானோ கிடையாது. அதே பியானோதான். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பாட்டு அது. ஒரு கலைஞர் கட்டைகளை அழுத்தினார், அது டேப்பில் பதிவானது, இசைத்தட்டாக வெளிவந்தது, பெரிதாக ஓடாமல் போனது. இருபத்தாறு வருடம் கழித்து நியூயார்க்கில் வூ-டாங் க்ளானின் ரிஸா என்ற இளைஞர் அந்தத் தட்டின் முதல் சில விநாடிகளை ஓர் இயந்திரத்துக்குள் எடுத்துச் சுற்றவிட்டு, அதன்மேல் தன் நண்பர்களை ராப் செய்ய வைத்தார். இதற்குத்தான் சாம்பிளிங் என்று பெயர். எடுத்த துண்டுக்குப் பெயர் சாம்பிள்.

இதைக் கேட்டதும் நம்மில் பலர் “அப்போ இது காப்பிதானே?” என்று கேட்பார்கள். இந்த மெட்டு அங்கிருந்து சுட்டது, அந்த மெட்டு இங்கிருந்து சுட்டது என்று பேசிப் பழகிய நமக்கு அந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் மெட்டை எடுப்பதும் ஒலியை எடுப்பதும் வேறு வேறு காரியங்கள். ஒருவர் எழுதிய கடிதத்தைப் பார்த்து அதன் வாசகங்களை நீங்கள் உங்கள் கையால் எழுதலாம். அந்தக் கடிதத்திலிருந்தே ஒரு துண்டைக் கத்தரித்து உங்கள் தாளில் ஒட்டவும் செய்யலாம். ஒட்டும்போது அவருடைய கையெழுத்து வரும், மை வரும், பேனா தடுக்கிய இடமும் வரும். சாம்பிளிங் இந்த இரண்டாவது வகை. வாசித்த மனிதரின் கை அப்படியே கூட வருகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1979-இல் வந்து உலகத்துக்கே ராப் இசையை அறிமுகம் செய்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஓடும் பேஸ் கிட்டார், அதே வருடம் ஷீக் குழு வெளியிட்ட ‘குட் டைம்ஸ்’ பாட்டுடையது. ஆனால் அது சாம்பிள் இல்லை. ஸ்டூடியோவில் இசைக்கலைஞர்களை உட்கார வைத்து அந்த வரியைப் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் தங்கள் பெயரைப் பாடலாசிரியர்களாகச் சேர்க்க வைத்தார்கள். கடித உவமையில் இது பார்த்து எழுதிய வகை.

சரி, ஒட்டும் வேலை எங்கே ஆரம்பித்தது?

நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில். தேதி 1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளி திறக்கும் முன் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டவர் அவருடைய 18 வயது அண்ணன் க்ளைவ், ஊரறிந்த பெயரில் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து சிறுவயதில் வந்த குடும்பம்.

ஆடுகிறவர்களைக் கவனித்த ஹெர்க்குக்கு ஒன்று தெரிந்திருந்தது. பாட்டு முழுவதும் அவர்கள் முழு வேகத்தில் ஆடுவதில்லை. பாடகர் ஓய்ந்து, கிட்டாரும் ட்ரம்பெட் போன்ற ஊதுகுழல்களும் நின்று, டிரம்ஸும் பேஸும் மட்டும் வாசிக்கும் ஒரு சின்ன இடம் வரும். அதற்காகவே காத்திருந்து அந்த நேரத்தில் தங்கள் கைவரிசையைக் காட்டுகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ப்ரேக். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைப் பத்து விநாடிக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. தனி ஆரம்பித்ததும் கேண்டீன் பக்கம் எழுந்து போகிறவர்கள் நம்மிடம் உண்டு. ப்ராங்ஸில் அந்த நேரத்துக்காகத்தான் எழுந்து வந்தார்கள்.

பத்து விநாடியில் ஆடி முடிப்பது எப்படி? ஹெர்க் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் ப்ரேக் முடியும்போது இன்னொன்றில் அதே ப்ரேக்கின் தொடக்கத்தில் ஊசியை வைப்பார். அது முடிவதற்குள் முதல் தட்டைத் திருப்பி வைப்பார். பத்து விநாடி பத்து நிமிடமாக நீண்டது. ப்ரேக்கில் ஆடியவர்கள் ‘பி-பாய்’ ஆனார்கள், அந்த ஆட்டம் ப்ரேக் டான்ஸ் ஆனது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் இதைத் துல்லியமாக்கினார். தட்டின் மேல் க்ரேயானால் கோடு போட்டு, எந்த இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். எந்தத் தட்டு என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடும் பழக்கமும் இருந்தது. சாம்பிளிங் இயந்திரம் வருவதற்குப் பல வருடம் முன்பே சாம்பிளிங்கின் மூளை பிறந்துவிட்டது என்றே சொல்வேன்.

அப்படி எடுத்தவை பெரும்பாலும் கறுப்பின அமெரிக்கர்களின் சோல், ஃபங்க் இசைத்தட்டுகள். ஏன் சோல், ஏன் ஃபங்க்? முதல் காரணம் எளிமையானது. அவை வீட்டில் இருந்த தட்டுகள். அம்மா அப்பாவின் அலமாரியில் ஜேம்ஸ் ப்ரவுனும் ஐசக் ஹேஸும் இருந்தார்கள். ஆனால் இசைக்குள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

சாதாரணமாக ஒரு பாட்டில் மெட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்கேற்ப கார்டுகளும் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறும். அதில் நாலு விநாடியை வெட்டிச் சுற்றவிட்டால் ஒட்டு தெரியும், நடையில் கல் தடுக்கியது போல இருக்கும். ஃபங்க் அப்படி நகர்வதில்லை. ஜேம்ஸ் ப்ரவுன் 1960-களின் நடுவில் தன் குழுவையே தாள வாத்தியமாக மாற்றினார். நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். அவர்கள் மொழியில் அது ‘த ஒன்’. நம் ஆட்கள் சமத்துக்கு வந்து சேர்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு நடுவே கிட்டார் ஒரு சின்னத் துணுக்கு, பேஸ் ஒரு துணுக்கு, குழல்கள் ஒரு துணுக்கு, டிரம்ஸ் ஒரு துணுக்கு. ஒவ்வொன்றும் மற்றதன் இடைவெளியில் போய் உட்காரும். ஒரே கார்டில் நிமிடக்கணக்கில் நிற்பார்கள். மனிதர்களே கையால் வாசித்த லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும் துண்டு, அது. அதை வெட்டிச் சுற்றவிடும் இயந்திரம் அவர்கள் ஏற்கெனவே செய்ததைத்தான் தொடர்கிறது.

இயந்திரங்கள் 1980-களில் வந்தன. இந்தக் கதையில் இரண்டு பெயர் போதும். ஈ-மியூ நிறுவனத்தின் எஸ்பி-1200, 1987. அகாய் நிறுவனம் ரோஜர் லின்னுடன் சேர்ந்து செய்த எம்பிசி-60, 1988. எம்பிசியில் பதினாறு ரப்பர் சதுரங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஒலித்துண்டை வைத்துக்கொண்டு விரலால் தட்டி வாசிக்கலாம்.

எஸ்பி-1200-இன் மொத்த நினைவகம் வெறும் 10 விநாடி. பத்தே விநாடிக்குள் டிரம்ஸ், பேஸ், குழல் எல்லாம் அடக்க வேண்டும். பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவார்கள், இடம் குறைவாகப் பிடிக்கும். பிறகு இயந்திரத்துக்குள் அதை மெதுவாக்கிப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அப்படி இழுக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறிவிடும். அந்தக் காலத்து நியூயார்க் ஹிப் ஹாப்பில் டிரம்ஸ் மணல் ஒட்டியது போல ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடமில்லாமல் பட்ட கஷ்டம் ஓர் அழகாக மாறியது.

முழு லூப்பையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்ல் ஒரு தட்டிலிருந்து வேறு எதையோ எடுக்கப்போக, கூடவே ஒரு ஸ்நேர் டிரம் (டிரம்ஸில் ‘பட்’டென்று ஒலிப்பது) அடியும் வந்துவிட்டது. அதை மட்டும் தனியாகத் தட்டிப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. பழைய தட்டின் ஒற்றை அடியை எடுத்து, தனக்கு வேண்டிய தாளத்தை அதைக் கொண்டே அமைக்கலாமே! அன்றிலிருந்து டிரம் மெஷினின் பிளாஸ்டிக் ஒலிக்குப் பதிலாக உண்மையான டிரம்மரின் அடி கிடைத்தது.

இனி தலைப்பில் சொன்ன அந்த இருபது விநாடிக்கு வருகிறேன்.

1969 நவம்பர் 20, ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி, கிங் ஸ்டூடியோ. ஜேம்ஸ் ப்ரவுன் குழு ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பாட்டைப் பதிகிறது. பாட்டு என்பதைவிட நீண்ட வாசிப்பு என்று சொல்லலாம். டிரம்ஸில் இருந்தவர் க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட். டென்னஸி மாநிலத்துச் சட்டனூகாவில் 1943-இல் பிறந்தவர், யாரிடமும் முறையாகக் கற்காதவர். ஊரைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் ஓசையிலிருந்தும் ரயில் சத்தத்திலிருந்தும் தாளத்தைப் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

பாட்டின் ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு ப்ரவுன் ஒரு காரியம் செய்கிறார். டிரம்மருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்று குழுவிடம் பேசுகிறார். ஸ்டபிள்ஃபீல்டிடம், சோலோ எல்லாம் வேண்டாம், இப்போது வாசிப்பதையே விடாமல் பிடித்துக்கொள் என்கிறார். எண்ணிக்கை சொல்கிறார். எல்லோரும் நிறுத்துகிறார்கள். எட்டு தாளச் சுற்று, சுமார் இருபது விநாடி, டிரம்ஸ் மட்டும்.

கேட்டால் முதலில் சாதாரணமாகத்தான் இருக்கும். வித்தை காட்டும் வாசிப்பு இல்லை. இன்னொரு முறை கேளுங்கள். ஸ்நேரில் ஓங்கி விழும் அடிகளுக்கு நடுவே, குச்சியின் நுனி தோலை உரசிப் போவது போல மெல்லிய தட்டுகள் நிறைய இருக்கும். அவற்றை ‘கோஸ்ட் நோட்’ என்பார்கள், பேய்ச்சுரம் என்று வைத்துக்கொள்ளலாம். இருக்கிறதா இல்லையா என்று காதே சந்தேகப்படும். அந்தப் பேய்த்தட்டுகள்தான் தாளத்தை உருட்டிக்கொண்டு போகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் வெறும் எண்ணிக்கைதான் மிஞ்சும். இதை ஸ்வரப்படுத்தி எழுதி இன்னொரு டிரம்மரிடம் கொடுத்தால் வாசித்துவிடுவார், ஆனால் அந்த உருளல் அப்படியே வராது. அதனால்தான் எல்லோரும் அந்த ஒலியையே எடுத்தார்கள்.

பப்ளிக் எனிமி என்ற ராப் குழு 1989-இல் செய்த ‘ஃபைட் த பவர்’ பாட்டுக்குள் இந்த டிரம்ஸ் இருக்கிறது. பாட்டின் தொடக்க வரிகளிலேயே ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பெயரையும் சொல்லிவிடுகிறார்கள். எல்எல் கூல் ஜே, என்.டபிள்யூ.ஏ என்று பட்டியல் நீளும். இருபது விநாடிக்குச் சொந்தமான அந்தக் கைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்டபிள்ஃபீல்டுக்கு அவற்றிலிருந்து வந்த ராயல்டி ஒன்றும் இல்லை. பாட்டின் ஆசிரியராகப் பதிவானது ஜேம்ஸ் ப்ரவுன் பெயர் மட்டும். டிரம்மர் குழுவில் சம்பளத்துக்கு வாசித்தவர், அவ்வளவுதான் சட்டத்தின் கணக்கு. அவர் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் குடியேறி, உள்ளூர் இசையரங்கில் திங்கள் இரவுகளில் வாசித்து வந்தார். பணத்தைவிடத் தன் பெயரைப் போடாததுதான் மரியாதைக் குறைவு என்ற தொனியில் பேசியிருக்கிறார். 2017 பிப்ரவரியில் 73 வயதில் மறைந்தார். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். நான் சாம்பிளிங்கை நேசிக்கிறேன், ஆனால் அவருடைய கையைத்தான் எல்லோரும் விரும்பி எடுத்தார்கள். அந்தக் கைக்குச் சேர வேண்டியதை யாரும் சேர்க்கவில்லை.

இதே கதை இன்னும் கசப்பாக ஒருமுறை நடந்தது. வாஷிங்டனைச் சேர்ந்த த வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கப் பாட்டு கிராமி விருது வாங்கியது. பின்பக்கம் நிரப்ப வாசித்த ‘அமென், பிரதர்’ பாட்டில் க்ரெகரி கோல்மன் வாசித்த ஆறு ஏழு விநாடி டிரம்ஸ் இருக்கிறது. 1980-களில் பழைய ப்ரேக்குகளைத் தேடிச் சேர்த்து வெளியிட்ட ஒரு தொகுப்பு வழியாக அது டிஜேக்களின் கைக்குப் போனது. என்.டபிள்யூ.ஏ குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ பாட்டின் டிரம்ஸ் அதுதான். இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதை வெட்டி வேகப்படுத்தித்தான் வளர்ந்தன. கோல்மன் 2006-இல் அட்லாண்டாவில் வீடில்லாதவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் பணம் திரட்டினார்கள், 24,000 பவுண்டு சேர்ந்தது.

இதுவரை டிரம்ஸைப் பற்றியே பேசிவிட்டேன். எடுப்பவர்களின் கைப்பக்குவமும் ஆளுக்கு ஆள் மாறும். பப்ளிக் எனிமியின் இசையை உருவாக்கிய பாம் ஸ்குவாட் என்ற அணி, பல தட்டுகளின் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சந்தையிரைச்சல் போன்ற ஒரு சுவரை எழுப்பியது. டி லா சோல் குழு, ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் குழுவான ஃபங்கடெலிக்கின் ‘நாட் ஜஸ்ட் நீ டீப்’ பாட்டை எடுத்து 1989-இல் ‘மீ மைசெல்ஃப் அண்ட் ஐ’ என்று சிரித்த முகத்தோடு ஒரு பாட்டு செய்தது. கலிஃபோர்னியாவில் டாக்டர் ட்ரே 1992-இல் வெளியிட்ட ‘த க்ரானிக்’ தொகுப்பில் அதே ஜார்ஜ் கிளின்டன் கூட்டத்தின் ஃபங்க், வெயிலில் மெதுவாகப் போகும் காரின் நடைக்கு மாறியது.

சோல் இசையிலிருந்து எடுத்த குரல்கள் வேறு விதமாக வேலை செய்கின்றன. தட்டை வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறும் என்பது தெரியும்தானே? கான்யே வெஸ்ட் அதைத் தன் முத்திரையாக்கினார். 2002-இல் கார் விபத்தில் தாடை உடைந்து, கம்பியால் கட்டப்பட்ட வாயோடு அவர் பதிந்த ‘த்ரூ த வயர்’ பாட்டில், சாக்கா கான் 1984-இல் பாடிய ‘த்ரூ த ஃபயர்’ வேகமேறி, குழந்தைக் குரலாகி ஒலிக்கும். நெருப்பு கம்பியானது. வாயைத் திறக்க முடியாதவருக்காக அந்தப் பழைய குரல் உச்சத்தில் கதறுகிறது. சாம்பிளில் பொருளும் மாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. டெட்ராய்ட்டின் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா இன்னும் நுணுக்கமானவர். ஒரு குரலை மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுவார், சொல்லின் பாதியில் வெட்டுவார். அவருடைய ‘டோனட்ஸ்’ தொகுப்பு 2006 பிப்ரவரி 7 அன்று, அவரது 32-ஆவது பிறந்தநாளில் வெளியானது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அவர் பயன்படுத்திய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரியும் எழுதியவருக்கு ஒன்று. ஒலிப்பதிவுக்கு இன்னொன்று, இது பெரும்பாலும் இசை நிறுவனத்தின் கையில் இருக்கும், ‘மாஸ்டர்’ என்பார்கள். சாம்பிள் எடுத்தால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். புதிதாக வாசித்துப் பதிந்தால் முதல் ஆளிடம் மட்டும் கேட்டால் போதும். வாசித்த கலைஞர் இரண்டிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆரம்ப வருடங்களில் யாரும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர், கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதியின்றி எடுத்த வழக்கில் தோற்றார். நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பை விவிலியத்தின் “களவு செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளையோடு தொடங்கினார். பிஸ் மார்க்கியின் அடுத்த தொகுப்புக்குப் பெயர் ‘எல்லா சாம்பிள்களுக்கும் அனுமதி வாங்கியாயிற்று’ என்ற பொருளில் இருந்தது. 2005-இல் இன்னொரு தீர்ப்பு, ஃபங்கடெலிக்கின் இரண்டு விநாடி கிட்டாரைப் பற்றியது: உரிமம் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே. சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றம் இருப்பது சின்சினாட்டியில், ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவான அதே ஊரில். 2016-இல் கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மாறாக, மிகச் சிறிய துண்டு என்றால் தவறில்லை என்றது. இரண்டும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

விளைவு காதிலேயே தெரியும். ஒரே பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கினால் அனுமதிக் கட்டணமே கட்டுப்படியாகாது. அதனால் 1990-களில் ஒரு பாட்டுக்கு ஒன்றிரண்டு சாம்பிள் என்று சுருங்கியது. டி லா சோலின் ஆரம்பத் தொகுப்புகள் சாம்பிள் சிக்கல் தீராததால் பல வருடம் இணையத்தில் கிடைக்கவே இல்லை. 2023 மார்ச்சில்தான் வந்தன. சட்டம் வந்ததும் டிரம்மர்களுக்கு விடிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கட்டணம் உரிமை வைத்திருப்பவருக்குப் போகிறது.

இந்த வழக்கம் இப்போது அமெரிக்கப் பழைய தட்டுகளோடு நிற்கவில்லை. லண்டன் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ 2007-இல் வெளியிட்ட ‘பாம்பூ பங்கா’ பாட்டில், இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ உள்ளே இருக்கிறது. ‘தளபதி’யை ஆயிரம் முறை கேட்ட காதுக்கு அது சட்டென்று பிடிபடும். அந்த ‘அட!’ என்ற உணர்வு, ப்ராங்ஸ் பையன் தன் அப்பாவின் தட்டு ரேடியோவில் வேறு உருவில் வரும்போது அடைந்த அதே உணர்வுதான்.

நீங்களே தொடங்க விரும்பினால், ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். பழையதை முதலில், முழுவதுமாக. துண்டைத் தேடி ஓட்டாதீர்கள். அது ஒரு பாட்டு, அதற்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. பிறகு புதியதைப் போடுங்கள். சார்மெல்ஸின் ‘ஆஸ் லாங் ஆஸ் ஐவ் காட் யூ’, அடுத்து ‘க்ரீம்’. ‘நாட் ஜஸ்ட் நீ டீப்’, அடுத்து ‘மீ மைசெல்ஃப் அண்ட் ஐ’. எதை எடுத்தார்கள் என்பதோடு எதை விட்டார்கள் என்றும் பாருங்கள். சார்மெல்ஸ் பாட்டில் அந்தப் பியானோ காதலுக்கு முன்னுரையாக வருகிறது. ரிஸா காதலை வர விடாமல் முன்னுரையிலேயே நிறுத்தி வைத்துவிட்டார். ‘க்ரீம்’ அவ்வளவு ஏக்கமாக ஒலிப்பது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

‘ஃபங்கி டிரம்மர்’ கேட்கும்போது ஏழு நிமிடச் சொச்சம் ஓடும் முழு வடிவத்தைத் தேடிப் போடுங்கள், ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. ஐந்தரை நிமிடம் பொறுமையாக இருங்கள். ப்ரவுன் எண்ணுவார், குழு நிற்கும். ஓங்கி விழும் அடிகளை விட்டுவிட்டு, நடுவே உரசிப் போகும் அந்த மெல்லிய தட்டுகளை மட்டும் காதால் தொடருங்கள். க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டின் இடது கை அது.